பூட்டு அண்ணனின் முதுகுப் பக்கம்

பொத்தானுக்கு ஒரு ரகசியம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை.

பொத்தான் என்பது அவள் பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை. அம்மாவின் தையல் கடையில் பொத்தான் டப்பாக்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். ஆளும் குட்டையாக, உருண்டையாக இருப்பாள். அதனால் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. படிப்பது ஐந்தாம் வகுப்பு. வாய் மட்டும் எட்டாம் வகுப்பு.

ஊர்க் கால்பந்து அணியின் பச்சை ஜெர்சிகள் எல்லாம் அம்மாவின் கடைக்குத்தான் வரும். கிழிந்தால் ஒட்டுப் போடுவது, எண் பிரிந்தால் திரும்பத் தைப்பது எல்லாம் அம்மா வேலை. யாராவது அணியை விட்டுப் போனால் அவருடைய ஜெர்சியைப் புதிதாக வருபவரின் அளவுக்குப் பிடித்துக் கொடுப்பாள். ஏழை அணி. ஆள் மாறினாலும் ஜெர்சி மாறாது.

அதனால் யார் போகிறார், யார் வருகிறார் என்பது ஊருக்குத் தெரியும் முன்பே அம்மாவின் அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடும். ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சாயங்காலமானால் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து அம்மாவின் வாயைக் கிளறிப் பார்ப்பார்கள். அம்மாவின் வாயிலோ எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். "ம்" என்பதற்கு மேல் ஒரு எழுத்து வெளியே வராது.

அந்த வாரம் பெஞ்சில் உட்கார இடமில்லை.

"ராக்கெட் போறான். எழுதி வெச்சுக்கோங்க," என்றார் சலூன்காரர்.

ராக்கெட் என்பது ஒன்பதாம் எண் ஜெர்சிக்காரன். அணி அடித்த கோல்களில் பாதிக்கு மேல் அவன் காலிலிருந்து வந்தவை.

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார் கணக்கு டீச்சர். அவர் பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு. கால்பந்து என்றால் மட்டும் சின்னப் பிள்ளை.

"நேத்து முடி வெட்ட வந்தான். எப்பவும் எப்படியாவது வெட்டுங்கன்னு விட்டுடுவான். நேத்து மட்டும், 'மாமா, போட்டோவுல நல்லா விழணும்'ங்கிறான். எதுக்குப் போட்டோ? புது கிளப்புல அடையாளக் கார்டு போடத்தானே!"

"அது மட்டுமா?" என்றார் பேப்பர்கார அண்ணன். காலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுபவர் அவர். பேப்பரில் இல்லாத செய்தியையும் சேர்த்துப் போடுவார். "பெரிய பெட்டி ஒண்ணு வாங்கியிருக்கான். சக்கரம் வெச்சது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அடப் பாவமே!" டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அவன் போய்ட்டா யாரு கோல் அடிக்கிறது? நேரா கடைசி இடம்தான். ஏற்கனவே வாடகை பாக்கின்னு மைதானத்தைக் காலி பண்ணச் சொல்லிக்கிட்டிருக்காங்க. கடைசி இடத்துல இருக்குற டீமுக்கு யாரு மைதானம் குடுப்பாங்க? அப்புறம் டீமே இருக்காது!"

பெஞ்ச் முழுவதும் பெருமூச்சு விட்டது.

சலூன்காரர் எழுந்து அம்மாவிடம் வந்தார். "அக்கா, ஒரு பெரிய துணி வேணும். 'ராக்கெட், போகாதே!'ன்னு எழுதணும். நாலு பக்கமும் ஓரம் அடிச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை இந்த வருஷத்துக் கடைசி மேட்ச். அவன் கண்ணுல படுற மாதிரி பிடிக்கப் போறோம்."

"ம்," என்றாள் அம்மா.

மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பொத்தான், அளவு நாடாவை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கடிக்காவிட்டால் ரகசியம் வெளியே குதித்துவிடும் போல இருந்தது.

ஏனென்றால் போகப் போவது ராக்கெட் இல்லை. பூட்டு அண்ணன்.

இரண்டு நாள் முன்பு அணியின் செயலாளர் ஒரு ஜெர்சியைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். பிரித்தால் ஒன்றாம் எண். கோல்கீப்பருடையது.

"ரெண்டு பக்கமும் நாலு விரல் உள்ள பிடிக்கணும்மா. கையையும் குறைச்சிடுங்க. புதுசா வர்ற பையன் ஒல்லி. கடைசி மேட்சுக்குப் பூட்டு பழைய ஜெர்சி ஒண்ணைப் போட்டுக்குவான். ஞாயிறு மேட்ச் முடியுற வரைக்கும் வெளியில தெரிய வேண்டாம். அவனே அப்படித்தான் கேட்டுக்கிட்டான். தெரிஞ்சா பசங்க மனசு ஒடஞ்சு ஆடுவாங்களாம்."

"எங்க போறாரு?" என்று பொத்தான் கேட்டுவிட்டாள்.

"தூரத்துல ஒரு பெரிய கிளப். அவங்க குடுக்கிற பணத்துலதான் நம்ம மைதானம் நம்ம கையில நிக்கப் போகுது." செயலாளர் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் முகம் பெருமையாக இல்லை.

பூட்டு அண்ணன் நாலு வருடமாக அந்த அணியின் கோல்கீப்பர். அலமாரி மாதிரி ஆள். கோலையும் பூட்டி வைப்பார், வாயையும் பூட்டி வைப்பார் என்று வைத்த பெயர் அது. கடைக்குக் கையுறை தைக்க வந்தால் கிழிசலைச் சுட்டிக் காட்டுவார். தைத்துக் கொடுத்தால் தலையை ஆட்டுவார். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று தெரு கேலி செய்யும்.

அன்று கடையை மூடிய பிறகு, அந்தப் பெரிய துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பொத்தான் கேட்டாள்.

"அம்மா, பூட்டு அண்ணனுக்கு யாராவது நன்றி சொல்லியிருக்காங்களா?"

அம்மா மெஷினை நிறுத்தினாள். குண்டூசிகளை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நானே சொன்னதில்லை," என்றாள். "போன மழையில கடைக்குள்ள தண்ணி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ பள்ளிக்கூடத்துல இருந்த. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ரோட்டுல போய்க்கிட்டிருந்தவரு உள்ள வந்து, அத்தனை துணி மூட்டையையும் பரண் மேல ஏத்தி வெச்சாரு. ஒரு வார்த்தை சொல்லலாம்னு திரும்பினேன், ஆளைக் காணோம்."

பொத்தான் அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாரும் ராக்கெட்டைப் பார்த்து அழுதுக்கிட்டிருப்பாங்க. பூட்டு அண்ணன் அந்தப் பக்கம் தனியா நின்னு ஆடிட்டு, யாருக்கும் தெரியாம பஸ் ஏறிடுவாரா?"

"அப்படித்தான் ஆகும் போல."

"நான் சலூன் மாமாகிட்ட மட்டும் சொல்லட்டுமா?"

"சலூன்ல சொன்னா மைக்குல சொன்ன மாதிரி," என்றாள் அம்மா. "சொல்ல மாட்டோம்னு ஒத்துக்கிட்டோம் பொத்தான். அவரு கேட்டது அது ஒண்ணுதான். அதையும் காத்துல விட்டுட முடியுமா?"

"சரி. சொல்லாம ஏதாவது செய்யலாமா?"

அம்மா சிரித்துவிட்டு மெஷினை மிதித்தாள். "அது உன் சாமர்த்தியம்."

மறுநாள் பெஞ்ச் நிறைந்ததும் பொத்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, மேட்ச்ல நம்ம கோல்கீப்பருக்குப் பின்னால ஏன் யாருமே உக்கார்றதில்லை?"

சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அங்க உக்காந்து என்னத்தைப் பார்க்கிறது? கோல் விழுறது அந்தப் பக்கம். கோல் விழுற இடத்துலதானே உக்காரணும்!"

அது அந்த ஊர் ரசிகர்களின் வழக்கம். மைதானத்தில் இருக்கை கிடையாது. எல்லோரும் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவருவார்கள். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டு உட்காருவார்கள். இடைவேளையில் இரண்டு அணியும் பக்கம் மாறும் இல்லையா? உடனே ரசிகர்களும் ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபக்கத்துக்கு ஊர்வலம் போவார்கள். பூட்டு அண்ணன் எந்தப் பக்கம் நின்றாலும் ஊர் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பொத்தான் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள். ஊர் ஒரு பக்கம் திரும்ப, அவள் மறுபக்கம் திரும்பினாள். பூட்டு அண்ணனின் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் குரலை அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"பாப்பா, வழி மாறி வந்துட்டியா? உங்க ஆளுங்க அந்தப் பக்கம்."

"தெரியும்ணா. நான் இங்கதான் உக்காரப் போறேன்."

அவர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "பந்து வந்தா தலையைக் குனிஞ்சுக்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

விசில் ஊதியது. அவ்வளவுதான். பூட்டு திறந்துகொண்டது.

"அஞ்சாம் நம்பர், இடது பக்கம் ஓட்டையா இருக்குடா, அடை! ஆங், அப்படித்தான், ராஜா! டேய் ரெண்டு, எங்கடா போற, கல்யாண வீட்டுக்கா? பின்னால வா! சூப்பர்டா, சூப்பர்டா! மூச்சு விட்டுக்கோ!"

ஒரு நொடி ஓயவில்லை. திட்டினார், கொஞ்சினார், சிரிக்க வைத்தார். பொத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த மனிதரா கையுறைக் கிழிசலை விரலால் காட்டியவர்?

கொஞ்ச நேரத்தில் எதிரணி உதைத்த பந்தை அவர் பாய்ந்து பிடித்தார். எழுந்த வேகத்தில், "ராக்கெட்! வலது பக்கம் காலி! ஓடு!" என்று கத்திக்கொண்டே தூக்கி எறிந்தார். பந்து பாதி மைதானம் பறந்தது. ராக்கெட் ஓடினான். கோல்!

தூரத்தில் ஊரே எழுந்து குதித்தது. எண்ணெய் டின்னைத் தட்டினார்கள். 'ராக்கெட், போகாதே!' துணி மேலும் கீழும் ஆடியது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் ராக்கெட் மேல் ஏறி விழுந்தார்கள்.

இந்தப் பக்கம் பூட்டு அண்ணன் தனியாக நின்று, பெரிய கையுறைகளை டப் டப் என்று தட்டிக்கொண்டார்.

பொத்தானுக்கு அழுகை வந்தது. அவளும் எழுந்து நின்று கை தட்டினாள். இரண்டு கை எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவு சத்தம் போட்டாள். அவர் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

இடைவேளை விசில் ஊதியதும் அவளுக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. பக்கம் மாறினால் பூட்டு அண்ணன் நேராக ஊர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வருவார். ஊர் எழுந்திருக்காமல் இருந்தாலே போதும்!

அவள் ஓடினாள். மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தபோது, சலூன்காரர் ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துவிட்டார்.

"மாமா, போகாதீங்க! இங்கயே இருங்க! பூட்டு அண்ணன் பேசுறாரு!"

"யாரு, பூட்டா?" சலூன்காரர் ஸ்டூலுக்கு அடியிலிருந்து கேட்டார். "நாலு வருஷமா நான் முடி வெட்டுறேன். இருமினதைக்கூட நான் கேட்டதில்லை. எனக்குக் காது குத்தாத."

"சத்தியமா மாமா! மேட்ச் முழுக்கப் பேசுறாரு! கேட்டா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். ராக்கெட் அடிச்சாரே அந்த கோல், வலது பக்கம் ஓடுன்னு சொன்னதே அவருதான். நீங்க எல்லாரும் எப்பவும் இந்தப் பக்கம் இருந்தா எப்படிக் கேக்கும்?"

ரசிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இது புதுச் செய்தி. புதுச் செய்தி என்றால் அவர்களுக்குக் கால் நகராது.

"பொத்தான் பொய் சொல்ல மாட்டா," என்றார் டீச்சர். "கொஞ்ச நேரம் இருந்துதான் பார்ப்போமே."

ஸ்டூல்கள் தலையிலிருந்து இறங்கின.

இரண்டாம் பாதிக்கு வந்த பூட்டு அண்ணன் பாதி வழியில் நின்றுவிட்டார். கோல் கம்பத்தைப் பார்த்தார். பின்னால் கூட்டத்தைப் பார்த்தார். தான்தான் பக்கம் மாறி வந்துவிட்டோமோ என்று மறுபக்கத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக வந்து நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

பொத்தான் அவர் முதுகையே பார்த்தாள். இத்தனை பேரைப் பார்த்ததும் மனிதருக்குக் கூச்சம் வந்துவிட்டதே!

"எங்க பேசுறாரு?" என்றார் பேப்பர்கார அண்ணன்.

"வாங்க, கிளம்பலாம்," என்று சலூன்காரர் ஸ்டூலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் மாமா, ஒரே ஒரு நிமிஷம்!"

அப்போது எதிரணி பந்தைக் கொண்டு பாய்ந்து வந்தது. நாலாம் எண் ஆட்டக்காரன் அண்ணாந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றான். பூட்டு அண்ணன் பல்லைக் கடித்தார், காலை மாற்றி மாற்றி வைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"டேய் நாலு! வானத்துல என்னடா தேடுற? பந்து தரையில இருக்குடா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சலூன்காரர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் கையிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை. பூட்டு அண்ணன் பேசப் பேச அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவர் இன்னும் பேசினார். அவர் "இடது!" என்றால் ஊரே "இடது!" என்று கத்தியது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிரணியின் உயரமான ஆள் ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து மூலையை நோக்கிப் போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பூட்டு அண்ணன் முழு உடம்பையும் காற்றில் நீட்டினார். விரல் நுனி பந்தில் பட்டது. பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது. அவர் தொப்பென்று விழுந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"அம்மாடி!" என்றார் டீச்சர். "இவ்வளவு வேகமாவா பந்து வரும்? அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியறதில்லையே!"

"போன மழைக்கால மேட்ச்ல சேத்துல விழுந்து ஒண்ணு தடுத்தானே," என்றார் பேப்பர்கார அண்ணன்.

"அதுக்கு முந்தின வருஷம் பெனால்டி!" என்றார் சலூன்காரர். பிறகு டின்னை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். "பூட்டு! பூட்டு! பூட்டு!"

ஊரே கத்தியது. அவர் எழுந்து, முழங்கை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரே கோலில் பச்சை அணி ஜெயித்தது. விசில் ஊதியதும் பூட்டு அண்ணன் கூட்டத்திடம் வந்தார். கையுறையைக் கழற்றினார்.

"இன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இது எனக்கு இங்க கடைசி மேட்ச். நாளைக்கு வேற ஊருக்குப் போறேன்."

டின் சத்தம் நின்றது.

"நீயா?" என்றார் சலூன்காரர். "ராக்கெட் இல்லையா?"

"நான் எங்க மாமா போறேன்?" என்று பின்னாலிருந்து ராக்கெட் கேட்டான். "பெட்டி எங்க அக்காவுக்கு. அவ ஹாஸ்டலுக்குப் போறா. போட்டோ லைசென்ஸுக்கு. அந்தத் துணியைப் பார்த்து எனக்கே பயமா இருந்துச்சு, என்னைத் துரத்திட்டாங்களோன்னு!"

யாருக்கும் முழுதாகச் சிரிக்க வரவில்லை. செயலாளர் முன்னால் வந்து, பூட்டு போவதால்தான் மைதானம் நமக்கு நிற்கிறது என்பதைச் சொன்னார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சலூன்காரர் டின்னைக் கீழே வைத்தார். பூட்டு அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருஷம் உன்னால ஜெயிச்சிருக்கோம் தம்பி. ஒரு நாள்கூட உன் பக்கம் வந்து உக்காரலை. மன்னிச்சிடு. ரொம்ப நன்றி."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக அம்மா வந்தாள். அவள் வாயில் இன்று குண்டூசி இல்லை.

"அன்னைக்கு மூட்டையெல்லாம் தூக்கி வெச்சீங்களே தம்பி. நன்றி சொல்லணும்னு அப்பவே நினைச்சேன். இப்பதான் ஆள் கிடைச்சீங்க."

பூட்டு அண்ணன் சிரித்தார். பொத்தானின் பக்கம் குனிந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ணா."

"யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லலை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"இத்தனை வருஷமா என் முதுகுக்குப் பின்னால வெறும் காத்துதான்," என்றார் அவர். "இன்னைக்குத்தான் முதுகு கதகதன்னு இருந்துச்சு. ரொம்ப நன்றி பாப்பா."

அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்துக்குப் புதுக் கோல்கீப்பர் வந்தான். ஒல்லிப் பையன், ரொம்பக் கூச்சம். கோல் கம்பத்தடிக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பாதி ஊர் ஸ்டூல் போட்டு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லைண்ணா," என்றாள் முன்வரிசையிலிருந்த பொத்தான். "நீங்க பேசுங்க, நாங்க கேக்குறோம்."